காமெடிப் படத்து வில்லனுக்கு அது காமெடிப் படம் என்று தெரியக் கூடாது

நம்ம காமெடிப் படங்கள் பலவும் இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் வில்லனையும் காமெடியன் ஆக்கிவிடுவதுதான். முதல் பாதியில் அரிவாளோடு வந்தவர் இரண்டாம் பாதியில் அடியாட்களோடு சேர்ந்து வழுக்கி விழுவார். அப்புறம் ஹீரோ மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால் என்ன? பயம் போன இடத்தில் சிரிப்பும் நிற்காது.

1981-ல் வந்த 'தில்லு முல்லு'வைப் பாருங்கள். தேங்காய் சீனிவாசன் அதில் கெட்டவரே இல்லை. ஆனால் வில்லன் பார்க்க வேண்டிய வேலை முழுவதையும் பார்ப்பவர் அவர் நடிக்கும் அந்த முதலாளிதான். மீசை வைத்தவன் யோக்கியன், மேட்ச் பார்க்கத் திரிபவன் உதவாக்கரை என்பது அவர் சட்டம். அந்தச் சட்டத்தில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. அவரிடம் வேலை பார்க்கும் சந்திரன் (ரஜினி) மேட்சில் மாட்டியதும், அது நான் இல்லை என்று சமாளிக்க மீசையில்லாத தம்பி இந்திரன் பிறக்கிறான். அந்தத் தம்பியையே மகளுக்குப் பாட்டு சொல்லித்தர வரச் சொல்கிறார். அவர் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால், எங்கிருந்தோ ஒரு அம்மாவைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சௌகார் ஜானகி வந்து சேர்கிறார். கவனித்தால், ஒவ்வொரு பொய்யையும் கேட்டு வாங்குவது முதலாளியின் சட்டம்தான். கடைசியில் மாப்பிள்ளையாக அவருக்குப் பிடித்திருப்பது மீசைக்காரனை, மகளுக்குப் பிடித்திருப்பது மீசையில்லாதவனை. ரெண்டும் ரஜினிதான் என்பது தியேட்டருக்கே தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

வில்லனின் நம்பிக்கையே அவரை ஏமாற்றும் இந்த முரண் தானாக வந்துவிடாது. யாருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்று திரைக்கதையில் வரிசை போட்டாக வேண்டும். பார்வையாளருக்கு முதலில், வில்லனுக்குக் கடைசியில். நடுவே இரண்டு மூன்று தடவை அவர் உண்மையைத் தொடுகிற தூரத்துக்கு வந்து திரும்ப வேண்டும், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் நெருக்கமாக. ஒரே தூரத்தில் வந்து வந்து திரும்பினால் மூன்றாவது தடவை ஜனம் பாப்கார்ன் வாங்கப் போய்விடும். இன்னொன்று: ஹீரோ தப்பிப்பது கரண்ட் போனதாலோ, போன் அடித்ததாலோ இருக்கக் கூடாது. வில்லன் எதை நம்புகிறாரோ, அதுவே ஹீரோவைக் காப்பாற்ற வேண்டும். 'காதலிக்க நேரமில்லை' (1964) பாலையாவை ஏமாற்றப் பெரிய திட்டம் எதுவும் தேவைப்படவில்லையே. பணக்காரச் சம்பந்தி மேல் அவருக்கிருந்த ஆசையே, ஒட்டுத் தாடியோடு பணக்காரச் சம்பந்தியாக வேஷம் போட்டு வந்த முத்துராமனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது.

நிஜமாகவே கொடூரமான வில்லன் வேண்டுமென்றால் 'சூது கவ்வும்' (2013). இன்ஸ்பெக்டர் பிரம்மாவாக வரும் யோக் ஜேப்பி வாயே திறக்க மாட்டார். பஞ்ச் டயலாக் இல்லாததால் அவரைக் கலாய்க்க நமக்குப் பிடி கிடைக்காது. அவர் வந்தாலே வயிறு கலங்கும். அப்படி ஒரு மணி நேரம் சேர்த்து வைத்த பயம் இருப்பதால்தான், கள்ளத் துப்பாக்கி அவர் பின்பக்கத்தையே பதம் பார்க்கும்போது தியேட்டர் வெடிக்கிறது. அதே விபத்து ஒரு கோமாளி இன்ஸ்பெக்டருக்கு நடந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அந்தப் படத்தில் கடத்தல்காரர்களுக்குப் பெரிய தலைவலி யார் தெரியுமா? லஞ்சம் வாங்காத அமைச்சர்! கடைசியில் பதவி போவது அவருக்கு, வருவது தன் கடத்தலுக்குத் தானே திட்டம் போட்ட மகனுக்கு. இதை எந்தப் பாத்திரமும் வசனமாக விளக்கவில்லை. நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "பார்த்தியா, நீ வெச்ச ஆப்பு உனக்கே" என்று நண்பன் பாத்திரம் ஒன்று பக்கத்தில் நின்று சொல்லும், போதாததற்குப் பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வேறு.

'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யில் (2006) ராஜகுருவாக வரும் நாசர் அந்த 'டொய்ங்'குக்கு இடமே தரவில்லை. முட்டாளை அரியணையில் உட்கார வைத்தால் நாடு தன் கையில் என்பது ராஜகுருவின் கணக்கு. அந்த முட்டாள் இடத்தில் அதே முகத்தோடு ஒரு புத்திசாலி வந்து உட்காரும்போது கணக்கு தலைகீழாகிறது. வடிவேலு எதிரே அத்தனை கூத்து அடித்தும் நாசர் ஒரு இடத்திலும் சிரிப்புக்காக நடிக்கவில்லை. அவர் காட்சிகளை மட்டும் தனியே வெட்டி ஒட்டினால் சுத்தமான ராஜா ராணிப் படம் ஒன்று கிடைக்கும்.