நான்கு நாளில் ஒரு ஆட்டக்காரனை அளந்துவிட முடியுமா?

பிரிட்டிஷ் கால்பந்து கிளப்புகள் சீசனுக்கு முன் ஆடும் நட்பு ஆட்டங்களின் அணிப் பட்டியலைப் பாருங்கள். பெயர்களுக்கு நடுவே ஓர் இடத்தில் 'ட்ரையலிஸ்ட்' என்று மட்டும் இருக்கும். ஒப்பந்தம் கேட்டு ட்ரையலுக்கு, அதாவது தேர்வு ஆட்டத்துக்கு, வந்திருக்கும் பையன் அவன்.

பல நேரம் அவனுக்குக் கிடைப்பது சில நாள் பயிற்சியும் ஒரு பாதி ஆட்டமும்தான். அந்த 45 நிமிடத்தில் பந்து அவன் காலுக்கு வருவதே அபூர்வம். அவன் எப்போது ஓடுவான், எங்கே பந்து கேட்பான் என்பது உடன் ஆடுபவர்களுக்குத் தெரியாது. அவர்களில் சிலர் அதே இடத்துக்குப் போட்டியாளர்கள். பந்து வராத தவிப்பில், கிடைத்த ஒன்றை வைத்து மூன்று பேரைத் தாண்டப் பார்ப்பான், பறிகொடுப்பான். கோச் தேடுவதோ வேறு: பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தானா, முதல் தொடுதலில் பந்தை எந்தப் பக்கம் வைத்தான், பறிகொடுத்த அடுத்த ஐந்து விநாடி என்ன செய்தான், வாய் திறந்து பேசினானா. ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கரை அன்றைக்கு ஆள் இல்லையென்று ஓரத் தடுப்பாளராக (ஃபுல்பேக்) நிறுத்திவிட்டால் அதையும் காட்ட வழியில்லை.

உடம்பு இன்னொரு பக்கம். கிளப் இல்லாத மாதங்களில் தனியாக ஓடுவது பெரும்பாலும் நேர்கோட்டில், ஒரே வேகத்தில். ட்ரையலில் நிற்பதும் சட்டென்று முழு வேகம் எடுப்பதுமாக நாள்தோறும் போகும். இரண்டாம் நாளே தொடையின் பின்தசை இறுகும். சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று மறைப்பான், அடுத்த நாள் கிழியும். அதனால் 4 வாரம் முன்பே வாரம் இரண்டு நாள் 20–30 மீட்டர் முழுவேக ஓட்டம் தொடங்க வேண்டும். முதலில் 6 முறை போதும், மெல்ல 12 வரை கூட்டலாம். கடைசி 3 நாள் கடும் பயிற்சி வேண்டாம். மைதானம் செயற்கைப் புல்லா என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ற, காலுக்குப் பழகிய பூட்ஸை எடுத்துப் போங்கள். புது பூட்ஸ் முதல் நாளே குதிகாலில் கொப்புளம் போடும்.

பிறந்த மாதமும் குறுக்கே வரும். இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 14 வயதில் அந்தப் பதினோரு மாதம் ஒரு சாண் உயரமாகவே தெரியலாம். பிரான்ஸ் நட்சத்திர ஆட்டக்காரர் கிரீஸ்மானைச் சிறுவயதில் குள்ளம் என்று பிரெஞ்சு கிளப்புகள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. 2005-இல் ஸ்பெயின் கிளப்பான ரியால் சோசியதாத் ஒரு வாரம் பார்த்தது, போதாதென்று இன்னொரு வாரமும் பார்த்தது, பிறகுதான் பெற்றோரிடம் ஒப்பந்தம் பேசியது. அந்த இரண்டாவது வாரத்தைத்தான் எல்லாப் பையன்களுக்கும் கேட்கிறேன்.

கால் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். 2009-இல் லண்டன் கிளப்பான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் இந்திய வீரர் சுனில் சேத்ரியை ஒப்பந்தம் செய்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லாததால் பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. வெளிநாட்டு ட்ரையலுக்குப் பணம் கேட்கும் ஏஜெண்டிடம் முதலில் இதைக் கேளுங்கள்: தேர்வானால் எந்த விசா? அழைப்புக் கடிதத்தை கிளப் இணையதளத்தில் உள்ள முகவரிக்கே அனுப்பிச் சரிபாருங்கள்.

கிளப்புகளுக்கும் ஒன்று. அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் எது குறை என்று இரண்டு வரி அனுப்புங்கள். "சொல்லி அனுப்புகிறோம்" என்ற ஒரு சொல்லை நம்பி, வேறு கிளப்பின் ட்ரையலையும் விட்டுவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள் பையன்கள்.