ஆணியில்லாத வளையங்கள்

14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்வீரன் அணிந்த வளையக் கவசத்தை அக்கால முறைப்படியே செய்து பார்க்க ஆசைப்பட்டவனுக்கு முதல் எதிரி வாளோ ஈட்டியோ அல்ல, கம்பிக் கடைதான். வெறும் இரும்புக் கம்பி கேட்டால் துத்தநாகம் பூசியதையே எடுத்துப் போடுகிறார்கள். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்குப் பிரான்சில் காப்புரிமை பெறப்பட்டதே 1837-இல்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? பார்வைக்கு மட்டும் குறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வளையங்களை இளக்குவதற்காகத் தணலில் இட்டால் அந்தப் பூச்சு வெண்புகையாகக் கிளம்பி, மூச்சில் ஏறி, குளிர்காய்ச்சலில் தள்ளிவிடும்.

சரி, ஆயத்த வளையங்களையே வாங்கிவிடலாம் என்றால், ‘அசல்’ என்று அச்சிட்ட பையில் முனைகள் வெறுமனே முட்டிக்கொண்டு நிற்பவைதான் வருகின்றன. அன்றைய கம்மியர்கள் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தட்டையாக்கி, துளையிட்டு, கடுகளவு ஆணியைச் செருகி அறைந்தார்கள். அவ்வாறு செய்யாத வளையம் ஈட்டிமுனை பட்டதும் வாய் பிளந்துவிடும். ஒரு முழுச் சட்டைக்கு 20,000-க்கும் மேற்பட்ட வளையங்கள் தேவைப்படலாம், ஒவ்வொன்றும் அண்டையிலுள்ள நான்கைக் கோத்துப் பிடிக்க வேண்டும் என்று விளக்கி முடிப்பதற்குள், வீட்டுக்கு வந்த உறவினர் “பேசாமல் வெல்டிங் வைத்துவிடக் கூடாதா?” என்று கேட்கிறார். நான் இன்னும் இடது தோளைத் தாண்டவில்லை.