ஏஸ் ஜோடி தோற்றால் யார் குற்றம்?

போன வாரம் சனிக்கிழமை ராத்திரி போக்கர் ஆடும்போது மச்சினன் சீட்டை விசிறி எறிந்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இந்த ஆட்டமே ஏமாத்து. ரெண்டு ஏஸ் வச்சிருந்தும் தோத்தா அப்புறம் என்னத்துக்கு உக்காரணும்?"

ஜெயித்தது என் சகலை. அவர் கையில் இருந்தது 9-4. நடுவில் ஒரு 9 விழுந்தது, ஒரு 4 விழுந்தது, அவருக்கு இரண்டு ஜோடி, கதை முடிந்தது. பந்தயம் புளியங்கொட்டைதான், ஆளுக்கு நூறு. மாமியார் புளி சுத்தம் செய்யும்போதெல்லாம் சேர்த்து வைத்த டப்பா அது. காசு வைத்து ஆடும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025இல் மத்திய சட்டமே தடை செய்துவிட்டது. "ஆன்லைன்ல சம்பாதிக்க டிப்ஸ் சொல்லுங்க" என்று உள்பெட்டிக்கு வருபவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ரம்மி மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி. நாங்கள் ஆடும் டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் கைக்கு இரண்டே சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும்: முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. இந்த ஏழில் நல்ல ஐந்தைச் சேர்ப்பவர் ஜெயிப்பார்.

கட்டில் 52 சீட்டு. அதிலிருந்து இரண்டு சீட்டு வரக்கூடிய வழிகள் 1,326. ஏஸ் ஜோடி எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். முதல் சீட்டு ஏஸாக இருக்க 13இல் ஒரு வாய்ப்பு. மீதி 51 சீட்டில் 3 ஏஸ், அதாவது 17இல் ஒன்று. பதிமூன்றைப் பதினேழால் பெருக்கினால் 221. கையால் கலைத்துப் போட்டு மணிக்கு 25 ஆட்டம் ஆடுகிறோம் என்றால், சராசரியாக ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தால் ஒருமுறை. அதற்காக 221ஆவது ஆட்டத்தில் கட்டாயம் வரும் என்று வாட்ச் பார்க்கக் கூடாது. 221 ஆட்டம் ஆடியும் ஒருமுறைகூட ஏஸ் ஜோடி வராமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு இருக்கிறது. கட்டுக்கு ஞாபக சக்தி கிடையாது, நம்மிடம் அது எந்தக் கடனும் வாங்கவில்லை.

இப்போது மச்சினன் பிராதுக்கு வருவோம். "ஏஸ் ஜோடிக்கு 85 சதவீதம்" என்று எங்கோ படித்திருக்கிறான். சரிதான். ஆனால் அது எதிரில் ஒரே ஒருவர் ஏதோ ஒரு கையோடு கடைசிவரை இருந்தால். இரண்டு பேர் இருந்தால் 73, மூன்று பேர் என்றால் 64. எங்கள் மேசையில் ஆறு பேர், புளியங்கொட்டைதானே என்று யாரும் ஃபோல்டு செய்யவில்லை, அதாவது கையைக் கீழே வைத்து விலகவில்லை. அவனுக்கு எதிரே ஐந்து பேர். அப்போது ஏஸ் ஜோடி ஜெயிப்பது நூற்றுக்கு 49 தடவைதான். பத்துப் பேர் மேசையில் யாருமே எழுந்து போகவில்லை என்றால் 31. பாதிக்கு மேல் தோற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு "ஏமாத்து" என்கிறான்.

அப்படியென்றால் கூட்டத்தில் ஏஸ் ஜோடி உதவாதா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பேச்சுக்கு, எல்லோரும் ஆரம்பத்திலேயே பத்துப் பத்து கொட்டை போட்டுவிட்டுச் சும்மா கடைசிவரை பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆட்டம். எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் பானையில் (ஜெயிப்பவர் அள்ளும் மொத்தப் பந்தயம்) 20 கொட்டை, 85 தடவை ஜெயித்தால் 1,700 வரும். நான் போட்டது 1,000, லாபம் 700. எதிரே ஐந்து பேர் இருந்தால் பானையில் 60. 49 தடவைதான் ஜெயிக்கிறேன், ஆனால் வருவது 2,940. லாபம் 1,940! அடிக்கடி தோற்றும் கூடுதலாகச் சம்பாதிக்கிறேன். தோல்வியை எண்ணுபவனுக்கு இது பிடிபடாது, கொட்டையை எண்ண வேண்டும்.

மச்சினன் என்ன செய்தான்? ஆரம்பத்தில் ரெய்ஸே செய்யவில்லை, அதாவது பந்தயத்தை ஏற்றவில்லை. "மறைச்சு ஆடுறேன்" என்றான். இரண்டு கொட்டை போட்டு எல்லோரையும் உள்ளே விட்டான். நடுவில் 9, 4 எல்லாம் வந்து, சகலை இரண்டு தடவை ஏற்றிய பிறகு மொத்தக் கொட்டையையும் தள்ளினான். கை பலமாக இருந்தபோது இரண்டு, செத்த பிறகு தொண்ணூற்றெட்டு. இதற்குச் சீட்டைக் குறை சொன்னால் எப்படி?

எனக்கு ஒரு சந்தேகம். ரம்மியில் வளர்ந்த நம் ஆட்களுக்குக் கையைக் கீழே வைக்க மனசு வருவதில்லை. ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் (ஆடாமல் விலகினால்) 20 பாயிண்ட், அது வலிக்கும். 13 சீட்டில் எப்படியாவது எதையாவது சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. ஹோல்டமில் பெரும்பாலான ஆட்டங்களில் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்) போடும் முறை நம்முடையதாக இருக்காது, அப்போது கையை விட்டால் ஒரு கொட்டைகூட நட்டமில்லை. கையில் ஜோடி வருவதே 17இல் ஒன்று. ஜோடி இல்லாத இரண்டு சீட்டோடு போனால், ஃப்ளாப்பில் மூன்றுக்கு இரண்டு தடவை நம் சீட்டுக்கு ஜோடி எதுவும் விழாது. ஆக இந்த ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு முறுக்கு கடிப்பதுதான் வேலை. அது பிடிக்காதவர்கள் ரம்மிக்கே போகலாம், தப்பில்லை.

இன்னொரு மயக்கம், ஒரே ஜாதிச் சீட்டு. ஆட்டின் (ஹார்ட்) ராணி, ஆட்டின் மூணு. "மாமா, ரெண்டும் ஆட்டின்!" என்று கண் விரியும். இரண்டும் ஒரே ஜாதியாக இருப்பதால் கூடும் பலம் ஏறக்குறைய இரண்டு மூன்று சதவீதம், அவ்வளவே. ஃப்ளாப்பிலேயே மூன்றும் ஆட்டினாக விழுந்து ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே ஜாதி) அடிப்பது 119இல் ஒன்று. ராணி-மூணு வேறு வேறு ஜாதியாக இருந்தால் கீழே வைத்திருப்பீர்கள் அல்லவா? இப்போதும் வையுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு கணக்கு. ஒரு குறிப்பிட்ட ஜோடி வர ஆறு வழி. ஏஸ்-ராஜா வர பதினாறு வழி (நாலு ஏஸ், நாலு ராஜா). என் கையில் ராணி ஜோடி இருக்கும்போது எதிராளி எகிறி ரெய்ஸ் செய்கிறார். அவர் ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா இந்த மூன்றுக்கு மட்டுமே அப்படிச் செய்பவர் என்று தெரியும். பயந்து ஓடலாமா? இரண்டு ஜோடிகளுக்கும் சேர்த்து 12 வழி, ஏஸ்-ராஜாவுக்கு 16. அவரிடம் ஜோடி இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு கூடுதல், அப்படியானால் ஏறக்குறைய 56-44 என்று ராணிதான் முன்னால். பெரிய சந்தோஷமும் வேண்டாம், அந்த 12இல் ஒன்று என்றால் ஐந்தில் நான்கு தடவை அடி வாங்குவேன். இருந்தாலும் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் சொன்னதும் சகலை டாயில் பிரன்சனை இழுத்தார். 1976, 1977 என்று அடுத்தடுத்த இரண்டு வருடம் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் அந்த மனிதர் ஜெயித்தார். இரண்டு வருடமும் கடைசி ஆட்டத்தில் கையில் இருந்தது 10-2! அந்தக் கைக்கு இன்றும் அவர் பெயர்தான். "அவரே அதை வச்சு ஜெயிக்கலையா?" ஜெயித்தார். ஆனால் அப்போது மேசையில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். இருவர் மட்டும் ஆடும்போது குப்பைக் கைக்கும் கொஞ்சம் உயிர் உண்டு. எங்கள் வீட்டில் ஆறு பேர் நடுவே அதை வைத்துக்கொண்டு உட்காருவது வேறு விஷயம்.

நேற்று மறுபடி ஆடினோம். மச்சினனுக்கு 7-2 வந்தது, வேறு வேறு ஜாதி. போக்கர் ஆடுபவர்கள் மோசமான கை என்று முதலில் சொல்வது இதைத்தான். நான் சொன்னதையெல்லாம் மனதில் வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் ஃபோல்டு செய்தான். ஃப்ளாப் விழுந்தது: 7, 7, 2.

இப்படி நடக்க 2,178இல் ஒரு வாய்ப்புதான் என்று அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். காலையில் ஊருக்குக் கிளம்பும்போது அக்காவிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டு போனான்.