காற்றைக் குறைத்தால் சொகுசா?

வெயிலில் டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைப் பாதியாகக் குறைக்கணுமாம், பயணமும் சொகுசாகுமாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிக்க அதுவே வழி. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்கல் கொஞ்சம் குறையும், சரி. அப்புறம் அதே டயரோடு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்களே!

டயர் மேல் அச்சடித்திருக்கும் காற்றழுத்த எண்ணும் விடையல்ல, அது உச்ச வரம்பு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவோரத் தூணில் பெரும்பாலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும், சரியான அளவு அதில்தான். டயர் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள். பெட்ரோல் நிலையக் கருவி பிஎஸ்ஐ என்ற அழுத்த அலகுக்குப் பதிலாகக் கிலோபாஸ்கலில் காட்டினால் குழம்ப வேண்டாம்: 230 என்பது ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ.