அந்த 22 வினாடி வீடியோ பற்றி

அந்த வீடியோ பரவுவதை மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். இன்று காலை என் சித்தி மகளே அதை எனக்கு அனுப்பி, "அக்கா, இது உங்க ஸ்கூல்தானே?" என்று கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆமாம், எங்கள் பள்ளிதான். நான் அங்கே பாட்டு டீச்சர், அது என் வகுப்புதான். ஓரத்தில் பாதி தெரியும் பச்சைப் புடவை நான்தான்.

யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப்போவதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒரு டேப்லெட்டைச் சுற்றித் தலையை நீட்டிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மேலே "பாட்டு பீரியடில் கேம்ஸ், நம்ம வரிப்பணம்" என்று எழுதியிருக்கிறது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: வீடியோவில் இருந்த சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் நடந்தது முழுக்க முழுக்கச் சத்தம் சம்பந்தமான வேலை. அந்தச் சத்தத்தையே வெட்டிவிட்டு என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

சரி, என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

38 பிள்ளைகள், ஐந்து டேப்லெட். ஒரு குழுவுக்கு ஏழு எட்டுப் பேர். ஒவ்வொரு குழுவும் இரண்டு நிமிடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வசனம் கூடாது, சினிமாப் பாட்டு கூடாது, ஆப்பில் தயாராக இருக்கும் மெட்டையும் தாளத்தையும் தொடக் கூடாது. சத்தங்களைப் பிள்ளைகளே பிடித்துக்கொண்டு வர வேண்டும். பிடித்த சத்தங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, எது முன்னால் எது பின்னால், எது பெரிதாக எது சின்னதாக என்று குழுவாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். டேப்லெட்டில் சிம் கிடையாது. இன்டர்நெட்டும் கிடையாது. ஒரு ரெக்கார்டிங் ஆப், அவ்வளவுதான்.

அந்தக் குழுவின் கதை, கிணற்றில் விழுந்த ஆடு. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கம்பிவலை போட்டு மூடிய பழைய கிணறு ஒன்று இருக்கிறது. நான் பக்கத்தில் நிற்க, வலைக்கு மேலே டேப்லெட்டைப் பிடித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எதிரொலி வந்தது. கயிறு இழுபடுகிற சத்தத்துக்குப் பெஞ்சின் காலைத் தரையில் மெதுவாக இழுத்தார்கள். தண்ணீருக்கு ஒரு வாளியும் செருப்பும். ஆட்டுக்குத்தான் ஆள் இல்லை.

அந்தக் குழுவில் ஒரு பையன். ஆறாம் வகுப்பில் என் வகுப்பிலேயே நன்றாகப் பாடியவன். இப்போது மகரக்கட்டு உடைகிற வயது. ஒரு வரி பாடினால் குரல் மூன்று இடத்தில் பிசிறுகிறது, பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான். ஒரு வருடமாகக் கடவுள் வாழ்த்துக்குக்கூட வாயை மட்டும் அசைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்கிறான். பாட்டு டீச்சராக இருக்கும் எல்லோருக்கும் இந்தப் பையனைத் தெரியும், ஒவ்வொரு எட்டாம் வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களைத் தொலைத்துவிடுகிறோம். அப்புறம் அவர்கள் பாட்டுப் பக்கமே வருவதில்லை.

அவன் தானாக முன்னால் வந்து, "நான் கத்துறேன்" என்றான். கத்தினான். அந்த உடைந்த குரல் பயந்துபோன ஆட்டுக்குட்டிக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. ரெக்கார்ட் பண்ணினதைத் திரும்பப் போட்டபோது வட்டமே சிரித்தது. அவனும் சிரித்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு தன் குரலைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பு அது.

நீங்கள் பார்த்த 22 வினாடி அதுதான். "கேம்ஸ்" என்று எழுதினீர்களே, அது அந்தச் சிரிப்பு.

அதற்குப் பிறகு நடந்த சண்டையையும் யாராவது எடுத்திருக்கலாம். ஒரு பையன் ஆடு விழுந்ததும் கத்தலைக் கொண்டுவந்து ஒட்டினான். ஒரு பெண்பிள்ளை விரலால் அதைத் தள்ளி வைத்துவிட்டாள். "விழுந்த உடனே கத்தாதுடா. மொதல்ல அதுக்கே என்ன ஆச்சுன்னு தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்" என்றாள். எவ்வளவு நேரம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். இன்னொருத்தி தொடையில் தட்டி ஆதி தாளம் போட்டுப் பார்த்தாள். ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றான எட்டு எண்ணிக்கை விட்டால் ஆடு செத்துவிட்ட மாதிரி இருக்கிறது. இரண்டு எண்ணிக்கை விட்டால் பயமே வரவில்லை. கடைசியில் அரை ஆவர்த்தனம், நாலு எண்ணிக்கை என்று முடிவானது. 13 வயதுப் பிள்ளைகள், சத்தமே இல்லாத நாலு எண்ணிக்கைக்காகப் பத்து நிமிடம் வாதாடினார்கள். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம் பிசகாமல் நேரத்தை அளப்பது) என்று நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்! ஒருவருக்கும் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறியது.

அதனால் சொல்கிறேன், அந்த வகுப்பில் டேப்லெட் ஒரு வாத்தியம். மத்தளம் மாதிரி, ஜால்ரா மாதிரி ஒரு வாத்தியம்.

"திரையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், ஸ்வீடனே புத்தகத்துக்குத் திரும்பிவிட்டது" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். உண்மைதான் அண்ணே. 2023-ல் ஸ்வீடன் பாடப்புத்தகங்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது. அதே ஆண்டு யுனெஸ்கோவும் வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றி எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. நான் அதற்கு எதிரி இல்லை. என் மகனுக்கு இன்னும் போன் வாங்கித் தரவில்லை. ஆனால் தனியாக மூலையில் உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டே இருப்பதும், எட்டுப் பேர் ஒரு கருவியைச் சுற்றி உட்கார்ந்து காதால் வேலை செய்வதும் ஒன்றா? வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம். அதில் ஒரு பிள்ளையின் கையில் டேப்லெட் இருப்பது ஐந்து நிமிடம். மீதி நேரம் வாளியும் செருப்பும் பெஞ்சும்தான் கையில்.

"முதலில் சரளி வரிசை சொல்லிக்கொடுங்கள்" என்கிறவர்களுக்கு: பாட்டின் அந்த முதல் ஸ்வரப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாயாமாளவகௌளை ராகத்தில், மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில். எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு ஆர்மோனியம். அதில் இரண்டு கட்டை பேசாது. 38 பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு நிமிடம் தொட்டால் பீரியட் முடிந்துவிடும். இதற்கு யாராவது பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

"நம் மரபில் இதெல்லாம் ஏது" என்ற கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நம் மரபில் வயலின் ஏது? 200 வருடத்துக்கு முன்னால் பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களிடமிருந்து அதை எடுத்துக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஆர்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி தடை செய்தது. அந்த ஆர்மோனியத்தைத்தான் இன்றைக்கு எனக்கு மரபு என்று காட்டுகிறீர்கள். இப்போது எத்தனை மேடைகளில் தம்புராவுக்குப் பதில் போனில் சுருதி ஆப் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாடகர் கையில் இருந்தால் அது சுருதி, என் பிள்ளைகள் கையில் இருந்தால் கேம்ஸ்.

கூட்டமாக உட்கார்ந்து சத்தத்தால் கதை சொல்வது நமக்குப் புதிதா என்ன? நான் திருநெல்வேலிக்காரி. ஆச்சி ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள். வீசுகோல் பட்டதும் வில்லில் கட்டிய மணிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சிலிர்க்கும். குடம் ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், பின்னால் ஜால்ராவும் கட்டையும். புலவர் ஒரு வரி சொன்னால் மற்றவர்கள் "ஆமா" என்று ஏற்றுச் சொல்வார்கள். பேய் வரும் இடத்தில் உடுக்கை மட்டும் தனியாக அதிரும், நான் ஆச்சி மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். ஒரு கதை, பல கைகள், பல சத்தங்கள். என் பிள்ளைகள் செய்ததும் அதே வேலை. ஆட்டுக்கதைக்கு முந்தின வாரம் சுப்பு ஆறுமுகம் ஐயாவின் வில்லிசையைத்தான் அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் பள்ளிப் பாட்டுக்குழுவில் சேரப் போனேன். ஒரு வரி பாடச் சொன்னார்கள், பாடினேன். "உனக்குக் குரல் இல்லை, நீ சுருதிப்பெட்டி போடு" என்றார்கள். ஒரு வருடம் முழுக்கச் சுருதிப்பெட்டியின் துருத்தியை அமுக்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் மேடையில் பாடினார்கள். அழுகையாக வரும். ஆனால் அந்த ஒரு வருடத்தில்தான் நான் கேட்கக் கற்றுக்கொண்டேன். யார் சுருதி விலகுகிறார்கள், யார் மூச்சை எங்கே எடுக்கிறார்கள் என்று எல்லாம் தெரியும். நான் பாட்டு டீச்சர் ஆனது அந்தப் பெட்டியால். குரல் இல்லை என்று ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. அதனால்தான் அந்த டேப்லெட்டுகளுக்கு இப்படி அலைந்தேன்.

வரிப்பணம் என்று எழுதியவருக்கு: நான்கு டேப்லெட் பழைய மாணவர்கள் கொடுத்தது, தாங்கள் உபயோகித்து வைத்திருந்தவை. ஒன்று என் வீட்டுப் பழையது, திரையில் விரிசல் விழுந்தது. சார்ஜர் இரண்டு நான் வாங்கினேன். வரிப்பணத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டபோது மாதம் 5,000 ரூபாய் சம்பளத்துக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. வாரம் மூன்று அரைநாள் வேலை என்றுதான் பேச்சு. ஒலிகளைப் பிரித்துக் கணினிக்கு மாற்றி வைக்க ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன், அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதே வேலையைப் பெரிய கட்டணம் வாங்கும் பள்ளியில் செய்தால் பிரசுரம் அடித்துச் சேர்க்கைக்கு விளம்பரம் செய்வார்கள். எங்கள் பிள்ளைகள் செய்தால் மட்டும் ஏன் ஏதோ திருடியதைப் பிடித்த மாதிரி பரப்புகிறீர்கள்?

பரீட்சை நெருங்கினால் முதலில் போவது பாட்டு பீரியட். "டீச்சர், இன்னைக்குக் கணக்கு எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்பார்கள். கொடுத்திருக்கிறேன். எத்தனையோ முறை. அப்போதெல்லாம் பாட்டு வகுப்பு என்ன ஆனது என்று ஒருவரும் வீடியோ போடவில்லை. பீரியட் காணாமல் போகும்போது வராத அக்கறை, பிள்ளைகள் சிரிக்கும்போது வந்துவிட்டது.

இப்போது ஐந்து டேப்லெட்டும் ஆபீஸ் அறை பீரோவில் பூட்டியிருக்கின்றன. தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு எங்கிருந்தெல்லாம் போன் வந்தது என்று பார்த்தேன். நேற்று அந்தப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "டீச்சர், நான் கத்தினதுனாலதான் பிரச்சனையா?" என்று கேட்டான். இல்லைடா என்றேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் அவன்தான்.

வீடியோவை எடுத்தவருக்கும், பகிர்ந்தவர்களுக்கும்: வியாழக்கிழமை நான்காவது பீரியட் எட்டாம் வகுப்புக்கு என்னுடையது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஆட்டைக் கிணற்றிலிருந்து மேலே தூக்கும் பகுதியை இன்னும் பதிவு செய்யவில்லை. பீரோ சாவி கிடைத்தால் அன்றைக்குச் செய்வோம். கயிறு இழுக்க ஆள் குறைகிறது, நீங்களும் ஒரு பெஞ்சைப் பிடித்து இழுக்கலாம். சாவி கிடைக்காவிட்டால் வாயாலும் கையாலும் செய்துகாட்டச் சொல்கிறேன். அந்தப் பையன் கத்துவானா என்று தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன்.