நுவரெலியாக் கன்றைக் கல்லடி மணலில் நட வைத்தவர்களுக்கு

இன்று காலை மூன்றாவது சைப்பிரஸையும் பிடுங்கிப் போட்டேன். கையை வைத்து இழுத்ததுமே வந்துவிட்டது, வேரெல்லாம் கறுத்து, விரலால் தொட்டால் தோல் கழன்று வருகிற அளவுக்கு அழுகிக் கிடந்தது. மூன்று கன்றும் 7,500 ரூபா. காசு போனால் போகட்டும், பத்து மாதம் பிள்ளையைப் பார்த்தது போலப் பார்த்தேனே!

போன டிசம்பரில் மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து இறங்கிய கன்றுகள். பொன் பச்சை நிறம், கூம்பு வடிவம், இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். நத்தாருக்கு முற்றத்தில் வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். வாங்கும்போது கடைக்காரரிடம் தெளிவாகக் கேட்டேன், எங்கட வெயிலுக்கு இது நிற்குமா என்று. "நல்லா நிற்கும் தங்கச்சி, கிடங்கு வெட்டித் தும்புச்சோறும் கூட்டெருவும் நிரப்பி வையுங்க, காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்துங்க." அவ்வளவுதான் பதில்.

அது கோல்ட்கிரெஸ்ட் என்ற வகை. அதன் தாய்மரம் கலிபோர்னியாவில் மொன்டரேக் கடற்கரையைச் சேர்ந்தது, குளிரும் மூடுபனியும் உள்ள இடம். 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் அது ஜோராக வளரும். இங்கே மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மே மாதம் பிறந்தால் கச்சான் காற்று அனலாக அடிக்கும், இரவிலும் புழுக்கம் விடாது. குளிரில் பிறந்த மரம் இதை எப்படித் தாங்கும்? விற்பவருக்கு இது தெரியாதா? வருசா வருசம் விற்கிறார்!

ஜூனில் அடிக்கிளைகள் பழுப்பாகத் தொடங்கின. போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "தண்ணி காணாது, இன்னும் ஊத்துங்க" என்றார். நானும் நம்பி மூன்று வேளை ஊற்றினேன், அதுதான் கதையை முடித்தது. தும்புச்சோறும் கன்றோடு வந்த மலைநாட்டுக் களிமண் உருண்டையும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க, காற்றில்லாமல் வேர் அழுகியிருக்கிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் மேலே பார்த்தால் தண்ணீர் இல்லாமல் காய்கிற மரம் போலவே இருக்கும். அதைவிடக் கொடுமை, வேர் செத்த பிறகும் இந்த மரம் சில வாரம் பச்சையாகவே நிற்கும், நாங்கள் பழுப்பைக் காணும்போது எல்லாம் முடிந்திருக்கும். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நடுவில் நின்றதைக் கொன்றது வேலி வெட்ட வந்தவர். பழுத்த பக்கத்தை வெறும் கட்டை தெரியும்வரை வெட்டிவிட்டு, "பயப்படாதீங்க, தளிர்க்கும்" என்றார். இது செவ்வரத்தையா? பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து சைப்பிரஸ் திரும்பத் துளிர்க்காது, பச்சை நுனியை மட்டும்தான் லேசாகக் கத்தரிக்க வேண்டும். மூன்று மாதம் அந்த மொட்டைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு துளிர் கூட வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கூராக நிற்கிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சைப்பிரஸ். தூயாவும் சைப்பிரஸ், ஜூனிபரும் சைப்பிரஸ், ஏன், சவுக்கங்கன்றைக் கூட அப்படிச் சொல்லி விற்றதை என் கண்ணால் கண்டேன். தூயா வெக்கைக்குத் தாக்குப்பிடிக்கும், கல்முனையில் பெரியம்மா வளவில் ஒன்று பல வருசமாக நிற்கிறது, விசிறியை நிமிர்த்தி வைத்தது போல இலை. அன்றைக்கு அதே கடையில், நான் வாங்கியவற்றுக்குப் பக்கத்திலேயே தூயாவும் இருந்தது! விலையும் குறைவு. "இதை எடுங்க தங்கச்சி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்றைக்கு என் வாசலில் மூன்று மரம் நிற்கும்.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன், இந்த வருசச் சரக்கும் இறங்கிவிட்டது. வயதான ஐயா ஒருவர் அதே கேள்வியைக் கேட்கிறார், அதே பதில் வருகிறது. பொறுக்க முடியாமல், "வாங்காதீங்க ஐயா, இது குளிர்நாட்டு மரம்" என்றேன். "உங்களுக்கு வளர்க்கத் தெரியல்ல, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று எல்லார் முன்னாலும் என் மேல் பாய்கிறார் கடைக்காரர். ஐயா இரண்டு கன்றை வாங்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.