அலை வராத நேரத்தில் கேமரா என்ன செய்கிறது?

2024 ஒலிம்பிக்கில் வந்த அந்த சர்ஃபிங் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினா கடலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறார். ஒரு விரல் வானத்தைக் காட்டுகிறது. பக்கத்திலேயே அவருடைய போர்டும் அவரைப் போலவே விறைப்பாக நிற்கிறது. இடம் தஹிட்டித் தீவின் தெயாஹுபோ, தேதி ஜூலை 29. ஏஎஃப்பி செய்தி நிறுவனத்துக்காக அதைப் படகிலிருந்து எடுத்தவர் ஜெரோம் ப்ரூயே. முந்தைய நொடிவரை மெடினா அலைக்கு அந்தப் பக்கம் இருந்தார், படகிலிருந்து பார்த்தால் ஆளே தெரியாது. நல்ல அலை கிடைத்தால் வெளியே வரும்போது இந்த மனிதர் ஏதாவது செய்வார் என்று தெரிந்து, தயாராக இருந்து அமுக்கியிருக்கிறார் ப்ரூயே. அந்த அலைக்கு நடுவர்கள் கொடுத்தது பத்துக்கு 9.90. ஒலிம்பிக் சர்ஃபிங்கில் அதுவரை யாரும் வாங்காத மதிப்பெண்.

அபாரமான படம், சந்தேகமே இல்லை. நானும்தான் பகிர்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து அதே கடலில் நடந்ததை எத்தனை பேர் பார்த்தீர்கள்? ஆகஸ்ட் 5, அரையிறுதி. எதிரே ஆஸ்திரேலியாவின் ஜாக் ராபின்சன். ஒவ்வொருவருக்கும் சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்ணைக் கூட்டித்தான் முடிவு சொல்வார்கள். மெடினாவுக்குக் கிடைத்தது ஒரே அலை, 6.33. அப்புறம் கடல் அடங்கிவிட்டது. உலகத்தின் மிகச் சிறந்த சர்ஃபர்களில் ஒருவர், மூன்று முறை உலகச் சாம்பியன், போர்டில் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திறமையைக் காட்டுவதற்கு ஒரு வாய்ப்பாவது வேண்டுமே? வரவில்லை. 12.33 எடுத்த ராபின்சன் இறுதிச்சுற்றுக்குப் போனார், மெடினா பிறகு வெண்கலம் வாங்கினார்.

என்னைக் கேட்டால் கதை இந்த அரையிறுதியில்தான் இருக்கிறது. அந்தரத்தில் நிற்கும் படம் அந்தக் கதையின் முதல் பாதி. இரண்டாம் பாதியை யாரும் பகிரவில்லை, ஏனென்றால் அதில் ஒன்றும் நடக்கவில்லை.

நான் பிழைப்புக்கு எடிட்டிங் செய்பவன். சர்ஃபிங் காட்சிகள் மேசைக்கு வரும்போது வாடிக்கையாளர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எமோஷனலா பண்ணுங்க." அவர்கள் சொல்லும் எமோஷனல் என்றால் என்னவென்று இப்போது எனக்கு மனப்பாடம். அலையை ஸ்லோமோஷனில் ஓட்டு, மெல்லிய பியானோ போடு, மேலே ட்ரோன் ஷாட், பின்னணியில் ஒரு குரல் "கடல்தான் எனக்கு எல்லாம்" என்று சொல்லட்டும். கல்யாண வீடியோவில் தாலி கட்டும் அரை நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பொண்ணு வீட்டார் சாப்பாட்டுப் பந்தியில் பட்ட பாட்டையெல்லாம் வெட்டி எறிவது மாதிரி.

ஒரு அலையில் நிற்பது சில நொடிகள். மீதி நேரமெல்லாம் கையால் துழாவிப் போவது, உருண்டு விழுவது, காத்திருப்பது. அந்தச் சில நொடிகளை எத்தனை மடங்கு இழுத்தாலும் அழகு கூடும், பாரம் கூடாது. ஸ்லோமோஷனை நான் மட்டம் தட்டவில்லை. 1970 வாக்கில் ஜார்ஜ் கிரீனோ கனமான கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு, சுருளும் அலையின் உள்ளே போய், அங்கிருந்து வெளியே பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்று மெதுவாக ஓட்டிக் காட்டினார். அலையில் ஏறாத யாரும் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. அங்கே வேகத்தைக் குறைக்க ஒரு காரணம் இருந்தது. இன்று செல்போனிலேயே அந்தப் பொத்தான் இருக்கிறது, இருக்கிறதே என்று அமுக்குகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காத்திருப்பு என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்கள் தண்ணீருக்குள் இறங்கி எடுக்கும் கேமராக்காரர்கள்தான். காலில் நீச்சல் துடுப்பு மாட்டி மிதந்துகொண்டே, தண்ணீர் புகாத கேமராக் கூட்டின் கண்ணாடியை அடிக்கடி நாக்கால் நக்குவார்கள். எச்சில் படிந்தால் தண்ணீர் துளித்துளியாக ஒட்டாமல் படலமாக வழிந்துவிடும். பக்கத்தில் சர்ஃபர் குளிரில் உதடு நடுங்க உட்கார்ந்திருப்பார். இருவரும் பேசிக்கொள்வார்கள், திட்டிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஒரு தடவைகூட ரெக்கார்ட் பொத்தானை அழுத்தமாட்டார்கள்.

போர்ச்சுகலின் நசாரேயை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையும் கலங்கரை விளக்கமும் முன்னால், பின்னால் மலை போல அலை. அந்தப் படங்களைப் பெரும்பாலும் கரையில் உயரமான இடத்திலிருந்து நீளமான லென்ஸ் போட்டு எடுக்கிறார்கள். நீள லென்ஸ் தூரத்தைச் சுருக்கும், தள்ளி உடையும் அலை கோட்டைமேல் நிற்பவர்களின் தலையில் விழப்போவதாகத் தெரியும். அலை நிஜமாகவே ராட்சதம்தான், அதற்கு மேல் லென்ஸும் கொஞ்சம் உதவி செய்கிறது.

பிரேசிலின் மாயா கபேராவை அதே நசாரே 2013 அக்டோபரில் தூக்கி அடித்தது. நினைவிழந்து மிதந்தவரை நண்பர் கார்லோஸ் பர்லி கரைக்கு இழுத்து வந்தார், மணலில் கிடத்தி நெஞ்சை அமுக்கித்தான் உயிர் பிழைக்க வைத்தார்கள். அந்தக் காட்சி இணையமெங்கும் கிடக்கிறது, பல வீடியோக்களுக்கு முகப்புப் படமே அதுதான். அதைப் பார்க்கும்போது எனக்கு வருவது பதற்றம், அவ்வளவுதான். எந்த விபத்தைப் பார்த்தாலும் வரும்.

2018 ஜனவரியில் அவர் அதே இடத்துக்குத் திரும்பி வந்து 68 அடி அலையில் இறங்கினார். நடுவில் நாலு வருஷத்துக்கும் மேல். முதுகில் அறுவை சிகிச்சைகள், மறுபடி கடலுக்குப் போக உடம்பு ஒத்துழைக்குமா என்ற கேள்வி. பெண்கள் ஏறியதில் மிக உயர்ந்த அலை என்று அதைக் கின்னஸில் ஏற்றுவதற்குக்கூட அவர் இணையத்தில் மனுப் போட்டுக் கையெழுத்து திரட்ட வேண்டியிருந்தது. இத்தனையிலும் அலையே இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையும் மின்னஞ்சலும்தான். எடுப்பதற்குக் கஷ்டமான பகுதி இதுதான், நான் உட்கார்ந்து பார்க்க விரும்புவதும் இதைத்தான்.

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் சர்ஃபிங் பள்ளி தொடங்கிய பிறகு, அந்தக் கரைக்குக் கேமராக்கள் வருவது நின்றதே இல்லை. வரட்டும், நல்லதுதான். ஆனால் எடுத்துக்கொண்டு போகும் கதை அச்சில் வார்த்தது போல இருக்கிறது: கிழிந்த வலை, இரண்டு நொடி சுனாமி, கவலையோடு அம்மா, சூரிய உதயம், போர்டு, பதக்கம்.

இந்தக் கரையில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் நான் உடன் இருந்தேன். பையன் அலையில் இருக்கும்போது அம்மா கரையில் நின்று பயத்தோடு கடலைப் பார்க்க வேண்டும் என்றார் இயக்குநர். அந்தம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "ஏன் தம்பி, இவங்கப்பா ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறாரு. அதுக்கே நான் இங்க வந்து நின்னதில்ல. இவன் இடுப்பளவு தண்ணியில வெளையாடுறான், இதுக்கா பயப்படச் சொல்ற?"

யூனிட்டே சிரித்துவிட்டது. இரண்டாவது டேக்கில் அவர் பயந்து காட்டினார், சம்பளம் கொடுக்கிறார்களே. படத்தில் அதுதான் இருக்கிறது. அவர் பேசியதை ஒலிப்பதிவில் கேட்டேன், வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். கதைக்குச் சம்பந்தமில்லை என்று வெட்டச் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் கடலைப் பற்றியும், அந்த வீட்டைப் பற்றியும், மகன்மேல் அந்தம்மாவுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பற்றியும் இருந்தது. முப்பது விநாடி பியானோவில் அது வரவே வராது.

மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றி 2019இல் வந்த குறும்படம் ஸ்கேட்போர்டிங் சார்ந்தது, சர்ஃபிங் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் கேமரா அம்மாவிடம் திரும்பியதுதான். பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரை வரை போன படம். மகள் செய்யும் சாகசத்தை மட்டும் எடுத்திருந்தால் அது ரீல்ஸோடு ரீல்ஸாகப் போயிருக்கும்.

அதனால் அடுத்து கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ கேமராவோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ட்ரோனை முதல் நாள் பையிலேயே வையுங்கள். ஒரே போர்டுக்கு நாலு பையன்கள் காத்திருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். யார் முறை, யார் ரெண்டு அலை கூட எடுத்தான், போன வாரம் யார் போர்டை உடைத்தான் என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதை முழுசாக எடுங்கள், ஒலியோடு. கொஞ்சம் கெட்ட வார்த்தை வரும், பரவாயில்லை, பீப் போட நான் இருக்கிறேன்.